பஞ்சாரத்துக்குள் பழைய பைத்தான்

பள்ளத்தூர்
20 ஜனவரி 2026

தீபாக்கா,

வாட்ஸ்அப்புல பிளாக். போன்ல பிளாக். இன்ஸ்டாவுலயும் பிளாக். மெயில மட்டும் மறந்துட்டீக. வாய்ஸ் டைப்பிங்ல பேசிக்கிட்டே அனுப்புறேன், பிழை இருந்தா என் போனைத் திட்டுங்க.

பொரிப்புப் பெட்டியில இருந்த முட்டை எல்லாம் போனதுக்கு நான் வருத்தப்படலைன்னு நெனைக்காதீக. கடையில ஒருத்தருக்கு டிஸ்ப்ளே மாத்துறப்பக்கூட அதே நெனப்புதான். ஆனா அன்னைக்கு நான் என்ன தப்பு பண்ணேன்னு இப்பத்தான் புரிஞ்சிருக்கு. புரிஞ்சதுல இருந்து உக்கார முடியல, அம்புட்டு சூப்பரா இருக்கு அக்கா!

பொங்கலுக்கு மொத நாள் ஒங்க வீட்டுல வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தீக. ஒங்க மாமியார் ஆயி அத்தை பழைய பாய், ஓட்டைச் சட்டி எல்லாத்தையும் வெளிய எறிஞ்சுக்கிட்டு இருந்தாக. நான் பெட்டியை ஓட்டுற கம்ப்யூட்டரைப் பாத்தா அதுல பைத்தான் 3.8 கெடக்கு. பைத்தான்னா நான் எழுதுன புரோகிராமைப் படிச்சு வேலையா மாத்துற ஆளு. ஊரே 3.14க்குப் போயிருச்சு. வீடே பழசைக் கழிக்குதே, நம்மளும் கழிப்போம்னு புதுசைப் போட்டுட்டு பழசைத் தூக்கிட்டேன். அந்தப் பழசு மேலதான் கம்ப்யூட்டரோட ஸ்கிரீன், செட்டிங்ஸ் எல்லாமே உக்காந்திருந்துச்சுன்னு ஒரு வீடியோவுலயும் எவனும் சொல்லலக்கா.

இப்ப கேளுங்க. பழசைக் கழிக்கவே வேணாம்! ஒரே கம்ப்யூட்டருக்குள்ள அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. தனித்தனி அறை. ஒண்ணு மூச்சு விடுறது இன்னொண்ணுக்குக் கேக்காது. விர்ச்சுவல் என்விரான்மென்ட்னு பேரு. ஒரு நாள் வந்து ஒங்களுக்குப் போட்டுத் தரவா?

பாண்டி

*

சிங்கம்புணரி
23 ஜனவரி 2026

பாண்டி,

மெயிலை மறக்கவில்லை, விட்டுவைத்தேன். போனில் நீ பேசினால் எனக்குத் தலை சுற்றும். எழுதினால் வேண்டாத இடத்தைத் தாண்டிப் போகலாம். நான் எழுதினால் பேச்சு மாதிரி வராது. பள்ளிக்கூடத்துப் பழக்கம், பொறுத்துக்கொள்.

நீ சொன்னதில் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

பழைய பிரிட்ஜின் உடம்பில் நீயும் நானும் கட்டிய பொரிப்புப் பெட்டியில் அன்று நாற்பது முட்டைகள் இருந்தன. பொரிய நான்கைந்து நாள்தான் பாக்கி. நீ எதையோ தட்டினாய், திரை கறுத்தது, பெட்டிக்குள் பல்பு அணைந்தது. "அஞ்சே நிமிசம்க்கா" என்றாய். மாட்டுப்பொங்கலன்று பென்டிரைவோடு வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாய். அதில் வந்த பைத்தானுக்கும் நம் சூடு பார்க்கிற சென்சாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இடையில் நாங்கள் பல்பைக் கையால் போட்டும் அணைத்தும் பார்த்தோம். ஒரு தடவை அணைக்க மறந்து சூடு கூடிவிட்டது.

உடைத்துப் பார்த்தோம். உள்ளே இறகு முளைத்திருந்தது. நான் அழவில்லை. என் மாமியார் அழுதார்.

"அம்புட்டு சூப்பரா இருக்கு" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

இங்கே வராதே. இந்தக் கம்ப்யூட்டரில் இனிமேல் உன் கை படக்கூடாது. அத்தையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பிறந்ததிலிருந்து என்னை "நீ, வா, போ" என்று கூப்பிட்டவன் இப்போது "மறந்துட்டீக" என்கிறாய். சண்டை வந்தால் மரியாதையும் வரும் போலிருக்கிறது.

தீபலட்சுமி

*

பள்ளத்தூர்
23 ஜனவரி 2026

அக்கா,

அந்த வரிய எடுத்துருங்க. பேசுற வேகத்துல வந்துருச்சு. இறகு முளைச்சிருந்ததை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே.

வரமாட்டேன்.

பாண்டி

*

சிங்கம்புணரி
27 ஜனவரி 2026

பாண்டி,

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

பழனிக்கு நடக்கிறவர்கள் நம் வீட்டுக்கு எதிர் வேப்பமரத்தடியில்தான் இளைப்பாறுவார்கள், உனக்குத் தெரியும். சனிக்கிழமை வந்த கூட்டத்துக்குப் பின்னாலேயே எந்த ஊரிலிருந்தோ ஒரு நாயும் நடந்து வந்திருக்கிறது. நாங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். கொல்லையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கீரிப்பிள்ளை நிறத்து நம் கீரிச்சேவல் செத்துக் கிடக்கிறது.

அவன் நிறத்தில் இந்தப் பக்கம் வேறு சேவல் இல்லை. நான்கு ஊரில் கேட்டுவிட்டேன். அவன் வாரிசு என்று இனி இருக்கப்போவது, கடைசியாகச் சேர்த்துவைத்த இருபத்திரண்டு முட்டைகள்தான். மணல் போட்ட பானையில் வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் போனால் முட்டைக்கு உயிர் குறையும். அதனால் இந்தச் சனிக்கிழமைக்குள் அடை வைத்தாக வேண்டும். அடைக்கு உட்கார்ந்த கோழி இப்போது ஒன்றுகூட இல்லை. வெளியே பொரிக்கக் கொடுத்தால் அவர்கள் முட்டையோடு கலந்துவிடும். பிறகு எது கீரியின் குஞ்சு என்று யார் சொல்வது?

ஆகவே பெட்டி ஓட வேண்டும். நீ வர வேண்டாம். கீபோர்டில் நான் உட்காருகிறேன், நீ எழுது. ஒரு கடிதத்துக்கு ஒரு வேலை.

தீபலட்சுமி

*

பள்ளத்தூர்
27 ஜனவரி 2026

அக்கா,

கீரியா! போன தடவை என் கால்ல கொத்துனவன்தானே? மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

சரி, வேலைக்கு வாரேன். மொதல்ல விசயம். மாட்டுப்பொங்கலுக்கு நான் ஏத்துன புது சிஸ்டம், உபுண்டு, அதோட வந்தது பைத்தான் 3.12. நம்ம சென்சாரோட பேசுறதுக்கு லைப்ரரின்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதுன ஆளு 3.8க்கு அப்புறம் அதைத் தொடவே இல்ல. 3.12ல அது ஓடாது. அதுக்காக 3.12ஐ மாத்தக் கூடாது, அது கம்ப்யூட்டரோட சொந்த பைத்தான், வீட்டுக்காரர் மாதிரி. அவரு மேல கை வச்சா பழைய கதைதான்.

பைஎன்வ்னு ஒரு டூல் இருக்கு. எந்த வெர்சன் வேணும்னு கேட்டா அதை மட்டும் கொண்டாந்து ஒங்க ஹோம் போல்டருக்குள்ள தனியா வைக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அது வந்ததும், அந்த 3.8ஐ வச்சு நம்ம "கோழி" போல்டருக்குள்ள ஒரு தனி அறை கட்டணும். அப்புறம் லைப்ரரியை அந்த அறைக்குள்ள மட்டும் போடணும். வெளிய ஒரு துணுக்கு சிந்தக் கூடாது. எல்லாக் கட்டளையும் கீழ வரிசையா ஒட்டியிருக்கேன், ஒவ்வொண்ணா காப்பி பண்ணி ஒட்டுங்க.

பெட்டிக்குள்ள ஒரு கேமரா வச்சு, சூட்டை கிராஃபா போட்டு, நெட்டுல லைவ் விட்டா எப்படி இருக்கும்னு கேக்க வந்தேன். கேக்கல.

பாண்டி

*

சிங்கம்புணரி
28 ஜனவரி 2026

பாண்டி,

ஒரு கடிதத்துக்கு ஒரு வேலை என்றேன். நீ மூன்று அனுப்பியிருக்கிறாய்.

முதல் கட்டளை ஓடியது. இரண்டாவதில் 3.8 வருகிறேன் என்று கிளம்பி, மின்விசிறி எல்லாம் இரைந்து, கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. அதைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, மறுபடியும் வெள்ளையடிக்கிறானா?" என்று கேட்டார்.

நீ சொல்கிற தனி அறை எனக்கு இப்படித்தான் புரிகிறது. அடைக்கோழியைப் பஞ்சாரம் போட்டு மூடுகிறோம். மூடாவிட்டால் கண்ட கோழியும் அந்தக் கூட்டில் ஏறி முட்டையிடும், மிதிக்கும், எது அடை முட்டை எது புது முட்டை என்று தெரியாமல் போகும். பஞ்சாரம் போட்டுவிட்டால் அதன் தீனி அதற்கு, அதன் தண்ணீர் அதற்கு. வெளியில் மற்ற கோழிகள் எப்படியோ போகட்டும். இதுதானே?

இதுதான் என்றால் பொங்கலுக்கு முதல் நாள் நீ செய்தது, கொட்டகையில் இருந்த கிழட்டுக் கோழியை விரட்டிவிட்டு அது உட்கார்ந்திருந்த கூட்டையும் சேர்த்து எரித்தது.

தீபலட்சுமி

*

பள்ளத்தூர்
28 ஜனவரி 2026

அக்கா அக்கா அக்கா,

பஞ்சாரம்! அதேதான்! கடையில எந்திரிச்சு நின்னுட்டேன், ஓனர் சொக்கு அண்ணன் "என்னடா, கரண்டு அடிச்சிருச்சா"ங்கிறாரு. ஒரு வாரமா நான் அத்தனை வீடியோ பாத்து புரிஞ்சுக்கிட்டதை நீங்க ஒரு கோழிக்கூடையில சொல்லிட்டீக. இதை நான் ஃபோரத்துல போடலாமா? ஒங்க பேர் போடமாட்டேன்.

சிவப்பு எழுத்து என் தப்பு. பைஎன்வ் 3.8ஐ ரெடிமேடா எடுத்துட்டு வராது, ஒங்க கம்ப்யூட்டர்லயே வச்சு மொதல்ல இருந்து கட்டும். கட்டுறதுக்குச் செங்கல் சிமெண்டு மாதிரி சில சாமான் வேணும். என் லேப்டாப்புல அது ஏற்கனவே கெடந்ததால எழுத மறந்துட்டேன். சாமான் எல்லாம் ஒரே வரியில கீழ இருக்கு. அதை ஓட்டிட்டு ரெண்டாவது கட்டளையைத் திருப்பி ஓட்டுங்க. நேரம் எடுக்கும். நடுவுல நின்ன மாதிரி தெரியும், நிக்கல. பயந்து எதையும் தட்டாதீக.

மத்த வேலை இந்த மெயில்ல கெடையாது. ஒண்ணே ஒண்ணுதான். பாருங்க, கத்துக்கிட்டேன்.

பாண்டி

*

சிங்கம்புணரி
31 ஜனவரி 2026

பாண்டி,

3.8 வந்தது. பஞ்சாரம் கட்டினேன். லைப்ரரி அதற்குள் போனது. புரோகிராமை ஓட்டினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு பல்பு எரிந்தது, பிறகு தானாக அணைந்தது. சூடு முப்பத்தேழரையில் நிற்கிறது. வெளியே வந்து கம்ப்யூட்டரின் சொந்த பைத்தான் என்ன வெர்சன் என்று கேட்டுப் பார்த்தேன். 3.12 என்றது. உள்ளே போய்க் கேட்டேன். 3.8 என்றது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

இன்று சாயங்காலம் இருபத்திரண்டும் உள்ளே போய்விட்டன.

பத்தாம் தேதி மதுரையில் இவர் பங்காளி வீட்டுக் கல்யாணம். நானும் இவரும் அன்று காலையில் போய், தங்கிவிட்டு மறுநாள்தான் திரும்புவோம். அத்தை வீட்டில் இருப்பார். பெட்டிதான் தானாக ஓடுகிறதே.

ஃபோரத்தில் போட்டுக்கொள். பஞ்சாரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நீதான் சொல்ல வேண்டும்.

தீபலட்சுமி

*

பள்ளத்தூர்
9 பிப்ரவரி 2026

அக்கா,

மெயில் பாத்தா ஒடனே கூப்பிடுங்க. என்னைய பிளாக்ல இருந்து எடுக்க வேணாம், வேற யார் நம்பர்ல இருந்தாவது.

நாளைக்கு சிங்கம்புணரி பக்கம் பராமரிப்புக்காக கரண்டு கட். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். ஒரு கஸ்டமர் ஸ்டேட்டஸ்ல இப்பத்தான் பாத்தேன். கரண்டு இல்லாத நேரத்துக்கு நீங்க வெந்நீர் பாட்டில் வைப்பீக, அத்தைக்கும் அது தெரியும், அது பிரச்சினை இல்ல. கரண்டு திரும்பி வர்றதுதான் பிரச்சினை.

கரண்டு வந்ததும் கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகும், புரோகிராமைத் தானா ஓட்டும். அப்படி ஒரு வரிய நான் மாட்டுப்பொங்கலுக்கே எழுதி வச்சேன். அந்த வரியில "பைத்தானைக் கூப்பிடு"ன்னு மட்டும்தான் இருக்கு. எந்த பைத்தான்னு இல்ல. இப்ப ஓடுறது நீங்க கையால பஞ்சாரத்துக்குள்ள போயி ஓட்டிவிட்டதால. நாளைக்கு அது வெளியில நிக்கிற 3.12கிட்ட போகும். அதுக்குச் சென்சாரைத் தெரியாது. பல்பு எரியாது. அத்தை கரண்டு வந்துருச்சேன்னு பாட்டிலை எடுத்துருவாக. நீங்க மறுநாள் வர்ற வரைக்கும் முட்டை சூடில்லாம கெடக்கும்.

ஒரு வரிதான் மாத்தணும். நீங்க மெயில் பாக்கலைன்னா நாளைக்கு மதியம் கிளம்பி வந்துருவேன். வரமாட்டேன்னு சொன்னது ஞாபகம் இருக்கு.

பாண்டி

*

பள்ளத்தூர்
11 பிப்ரவரி 2026

அக்கா,

அத்தை போன்ல சொன்னதுல பாதிதான் ஒங்களுக்குக் கேட்டிருக்கும், பின்னாடி ஒரே மேளம். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

திருப்பத்தூர்ல பஸ் மாறி நான் வர்றப்ப கரண்டு இன்னும் வரல. அத்தை வாசல்ல நின்னாக.

"எங்கடா இங்குட்டு?"

"கம்ப்யூட்டர்ல ஒரு வரி மாத்தணும் அத்தை."

"ஒன்னைய உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. அங்குட்டே நில்லு."

"முட்டை போயிரும் அத்தை."

"போன தடவை நீ உள்ள வந்ததாலதானே போச்சு?"

"சரி அத்தை, கரண்டு வரட்டும். நான் உள்ள வரல. நீங்களே போயி பாருங்க, பல்பு எரிஞ்சா நான் அடுத்த பஸ்ல போயிர்றேன். எரியலைன்னா அக்காவுக்குப் போன் போடுங்க"ன்னேன். செம்புல தண்ணி குடுத்தாக. வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். கீரியைக் கொன்ன நாய் அதுவான்னு தெரியல, ஒரு நாய் வந்து பக்கத்துல படுத்துச்சு. ரெண்டு பேரும் வெளியதான் இருந்தோம்.

கரண்டு வந்துச்சு. அத்தை உள்ள போனாக. திரும்பி வந்தப்ப கையில போன் இருந்துச்சு.

அப்புறம் நீங்க என்ன சொன்னீகன்னு எனக்குத் தெரியாது. அத்தை போனை வச்சுட்டு "சட்டைப்பையைக் காட்டு"ன்னாக. பேன்ட் பையையும் பாத்தாக. பையில பஸ் டிக்கெட்டு, கடைச் சாவி. "வா"ன்னாக.

அந்த வரியில பஞ்சாரத்தோட முழு விலாசத்தையும் எழுதுனேன். கோழி போல்டருக்குள்ள, இந்த அறைக்குள்ள, இந்த பைத்தான்னு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். பல்பு தானா எரிஞ்சுச்சு. கிளம்பிட்டேன். அம்புட்டுதான்.

பாண்டி

*

சிங்கம்புணரி
12 பிப்ரவரி 2026

பாண்டி,

உன் மெயிலை நேற்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். நீ எழுதாமல் விட்ட பாதி இது.

அத்தை கூப்பிட்டபோது பந்தியில் இருந்தேன். "கரண்டு வந்துருச்சு, பொட்டி எரியல. ஒன் தம்பி வாசல்ல நிக்கிறான், உள்ள விடவா?" என்றார். எனக்கு உடனே வாயில் வந்தது, வேண்டாம் என்பதுதான். யோசித்தேன். நான் கிளம்பிவந்தாலும் இரண்டு மணி நேரம் ஆகும். யோசிக்கிறேன் என்பதும் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "இந்தப் பய கதவைத் தட்டக்கூட இல்லத்தா, மரத்தடியில நாயோட உக்காந்திருக்கான்" என்றார்.

அவன் கையில் பென்டிரைவ் இருக்கிறதா, பாருங்கள் என்றேன். அதற்குத்தான் அந்தச் சோதனை.

நீ போன பிறகு அத்தை மறுபடி கூப்பிட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு வரிதான் தட்டுனான், கைய எடுத்துட்டான். நடுவுல அப்டேட்டு வேணுமான்னு கம்ப்யூட்டரே ஒரு பொட்டியைக் காட்டுச்சு. பய அதைப் பாத்தான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அதை மூடிட்டான்."

இதை நீ எழுதவில்லை.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு முட்டையில் ஒன்றும் இல்லை, முதலிலிருந்தே கரு இல்லாதவை. மிச்சம் பதினாறிலும் அசைவு இருக்கிறது.

தீபலட்சுமி

*

பள்ளத்தூர்
21 பிப்ரவரி 2026

அக்கா,

இன்னைக்குத்தானே? வந்துருச்சா? சொல்லு. எத்தனை? கீரி கலர் இருக்கா?

கடையில என்னைய பேட்டரிக்குப் பதிலா சிம் ட்ரே மாட்ட வச்சுட்ட.

இன்னொண்ணு, சும்மா தகவலுக்கு. சென்சார் லைப்ரரியை வேற ஒருத்தர் எடுத்து 3.14க்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதியிருக்காரு. நேத்துதான் வெளிய விட்டாரு. செம ஸ்பீடாம். நான் ஒண்ணும் சொல்லல. சும்மா தகவல்.

பாண்டி

*

சிங்கம்புணரி
22 பிப்ரவரி 2026

பாண்டி,

நேற்று காலையில் முதல் ஓட்டில் கீறல் விழுந்தது. இருட்டுவதற்குள் பதினொன்று வெளியே வந்துவிட்டன. நான்கு முட்டைகள் உள்ளேயே நின்றுவிட்டன, காரணம் தெரியவில்லை. எல்லாப் பொரிப்பிலும் சில அப்படித்தான்.

பதினொன்றில் மூன்றுக்கு முதுகில் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது. கீரியின் கோடு. சேவலா பெட்டையா என்று இப்போது சொல்ல முடியாது, இரண்டு மாதம் ஆகும். ஒன்றாவது சேவலாக இருக்க வேண்டும். அதுவரை நாயும் பாதயாத்திரையும் வராமலிருக்க, கொல்லைக்கு இவர் வேலி அடித்துக்கொண்டிருக்கிறார்.

பதினாறாவது முட்டை மட்டும் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நேற்று மதியமே ஓட்டை போட்டுவிட்டது, அலகு தெரிகிறது, உள்ளேயிருந்து கத்துகிறது, ஆனால் வரவில்லை. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உடைத்து எடுத்துவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். உனக்கு ரொம்பவே துறுதுறுக்கும். ஆனால் நாம் உடைத்தால் ரத்தம் வந்து செத்துப்போகும். அது தானாக வர வேண்டும், இல்லாவிட்டால் வராது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இப்போதைய வேலை. அன்று திரையில் அந்த அப்டேட் பெட்டியைப் பார்த்து நீ கண்ணை மூடிக்கொண்டாயே, அந்த வேலை.

3.14 பற்றிய தகவல் வந்து சேர்ந்தது. அதற்கு வேறு ஒரு பஞ்சாரம் கட்டி, உன் லேப்டாப்பில், உன் வீட்டில், காலி முட்டை ஓட்டை வைத்து ஓட்டிப் பார். என் பஞ்சாரத்தைத் திறக்காதே.

புதிதாகப் பிறந்ததைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். நீ கையை வீசிக்கொண்டு வா. லேப்டாப் வேண்டாம், பென்டிரைவ் வேண்டாம். வாசலில் அத்தை பையைத் தடவிப் பார்ப்பார், கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பஸ் ஏறியதும் போன் பண்ணு. மணி அடிக்கும்.

அக்கா